ஜாபர் எழுதாத கோப்புகள்

ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்யும்போது மும்பையில் எந்த மேலாளரைக் கேட்டாலும், ஆள் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகர் 1991 பொருளாதாரத் தாராளமயத்துக்கு அப்புறம் வந்தவர் என்றே சொன்னார்கள். நிர்வாகவியல் படித்த எனக்குப் பேட்டி எடுக்கத் தெரியும், கேள்வித்தாள் போடத் தெரியும். அந்தப் பதிலைச் சோதிக்க இரண்டும் உதவவில்லை. அதனால்தான் எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

மும்பையின் முதல் பஞ்சாலைக் கம்பெனியை காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் தொடங்கினார். ஆலைகள் பெருகியபோது ஆள் எடுக்கும் வேலை ஜாபர் கைக்குப் போனது. நம் ஊர் மேஸ்திரி மாதிரிதான். ஆள் சேர்ப்பது, வேலை வாங்குவது, வராதவன் இடத்தில் யாரை நிறுத்துவது எல்லாம் அவர் முடிவு. ரத்னகிரியிலிருந்தும் சதாராவிலிருந்தும் வந்தவர்களுக்கு வேலையோடு கடனும் பல சமயம் அவர் வழியாகத்தான் கிடைத்தது. தொழிலாளர் நிலையை விசாரித்த விட்லி கமிஷன், 1931 அறிக்கையில் ஜாபர்கள் வாங்கும் லஞ்சத்தைக் கண்டித்து, ஆள் எடுப்பதைத் தொழிலாளர் அதிகாரிகளிடம் ஒப்படைக்கச் சொன்னது. 1935-இல் மில் முதலாளிகள் சங்கம் பதலி ஆட்களுக்கு, அதாவது வராதவர் இடத்தில் நிற்கும் மாற்றாட்களுக்கு, அட்டை கொடுத்து ஜாபரின் பிடியைத் தளர்த்தப் பார்த்தது.

இதையெல்லாம் தரவு என்று அட்டவணையில் போட்டுவிட முடியும். ஆனால் வரலாற்றுக்காரர்கள் முதலில் கேட்பது வேறு: இதை எழுதியது யார், யார் படிப்பதற்காக? ஜாபரைத் தொல்லை என்று சொன்னவர்களில் முதலாளிகளும் உண்டு. தொல்லையை யாராவது எழுபது வருடத்துக்கு மேல் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வார்களா? சந்தை ஏறி இறங்கும்போது ஆட்களைக் கூட்டவும் குறைக்கவும் அவர் தேவைப்பட்டார். வேலைநிறுத்தம் வந்தால் பழி போடவும் வசதியாக இருந்தார். ஜாபர் தானே எழுதிவைத்த காகிதம் எதுவும் என் கையில் சிக்கவில்லை. அவரைப் பற்றிப் பிறர் சொன்னதை வைத்துத்தான் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

மாட்டுங்காவில் ஒரு பெரியவர் ஆலை அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்ட நடவடிக்கைகளைப் பதிந்த மினிட்ஸ் புத்தகங்களைப் படித்துவிட்டு, "என்ன மாமா, எல்லாக் கூட்டத்திலும் எல்லாரும் ஒத்துப்போயிருக்காங்களே?" என்று கேட்டேன். சிரித்தார். "சண்டையை யாரும்மா டைப் அடிக்கச் சொல்லுவா? முடிவை மட்டும்தான் சொல்லுவா" என்றார். ஆராய்ச்சி முறை வகுப்புகளில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதற்காகப் பேட்டி பொய், காகிதம் மெய் என்று ஆகிவிடாது. ஆலைகள் ஏன் மூடின என்று கேட்டால் பலரும் 1982 ஜனவரி 18-ஐத்தான் சொல்வார்கள். தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய நாள். அந்த வேதனை உண்மை. ஆனால் நலிந்த ஆலைகளுக்காகத் தேசிய ஜவுளிக் கழகம் 1968-லேயே வந்துவிட்டது, 1974-இல் பலவற்றை அரசு தேசியமயமாக்கியது. பிவண்டி விசைத்தறிகளும் ஆலைகளின் வேலையை இழுத்துக்கொண்டிருந்தன. பேட்டி கொடுப்பவருக்குக் கதையின் முடிவு தெரியும். 1970-களில் கடிதம் எழுதியவருக்குத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போதுதான் எது பின்னால் சேர்ந்த விளக்கம் என்று பிடிபடுகிறது.

பாடப்புத்தகங்கள் இதில் மோசம். அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் சில தொழிலாளர்களைத் தனி அறையில் வைத்துச் சோதித்த ஹாதோர்ன் ஆய்வை ஒரு பத்தியில், தொழிலாளரைக் கவனித்தால் உற்பத்தி கூடும் என்று முடித்துவிடுவார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 ஜனவரியில் அந்தச் சோதனை அறையிலிருந்து இரண்டு பெண்களை மாற்றியது அந்தப் பத்தியில் பெரும்பாலும் இருக்காது.

இப்போது நிறுவனங்களுக்குப் போனால் பேட்டியோடு பழைய ஒப்பந்த நகலும் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடும் கேட்கிறேன். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டு வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும், ஆள் வேலையை விட்டதும் அவர் மின்னஞ்சலும் போய்விடும். விக்ரோலியில் கோத்ரெஜ், புனேயில் டாடா என்று ஆவணக் காப்பகம் வைத்திருப்பவர்கள் சொற்பம். இன்றைய ஒப்பந்தக்காரரைப் பற்றி ஐம்பது வருடம் கழித்து எழுத வருபவருக்கு, எல்லாரும் சமம் என்று சொல்லும் மனிதவளக் கொள்கை அறிக்கை மட்டும் பத்திரமாகக் கிடைக்கும்.