லிபியாக்காரியின் நிறம்

பழைய படங்களை வண்ண ஓவியமாக நகலெடுத்து விற்கும் கடையில் வேலை செய்கிறேன். "தோல் என்ன நிறம்?" என்று சீனாவின் நகல் ஓவியக் கிராமமான தாஃபெனிலிருந்து ஓவியர் கேட்டார். "படத்தில் இருப்பதுபோலவே" என்று பதில் போட்டேன். "படத்தில் நிறமே இல்லையே" என்று திரும்பி வந்தது. அவர் சீனத்தில் எழுத, நான் ஆங்கிலத்தில் எழுத, நடுவில் ஒரு செயலி. சண்டை எதுவும் இல்லை. வேலை முடிந்து பணமும் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

படம் 17ஆம் நூற்றாண்டுச் செப்புத்தகட்டு அச்சு. ஓரங்களை யாரோ வெட்டிவிட்டதால் செதுக்கியவர் பெயர் இல்லை. கையில் எரியும் மெழுகுவத்தி இருந்ததால் லிபிய சிபில் என்று தெரிந்தது. சிபில்கள் பழைய கிரேக்க, ரோமானியக் குறிசொல்லிகள். பத்துப் பேர் என்றார் பழைய ரோமானிய அறிஞர் வார்ரோ. கிறிஸ்தவர்கள் அவர்களை இயேசுவின் வருகையை முன்னறிவித்தவர்களாக ஏற்றுக்கொண்டு, எண்ணிக்கையைப் பன்னிரண்டாக்கி, ஆளுக்கொரு அடையாளமும் கொடுத்தார்கள்: பாரசீகத்தாளுக்கு லாந்தர், சாமோஸ்காரிக்குத் தொட்டில், லிபியாக்காரிக்கு மெழுகுவத்தி. 1601இல் கிறிஸ்பைன் டி பாஸ் என்ற செதுக்கர் பன்னிரண்டு பேரையும் ஒரே தொகுப்பாக அச்சிட்டார். அந்த மாதிரித் தொகுப்பு ஏதோ ஒன்றிலிருந்து பிரிந்து வந்தவள்தான் இவளும்.

செதுக்குபவர் தகட்டில் வெட்டுவது நிழலை மட்டும். வெளிச்சம் விழும் இடம் மை படாத வெறும் தாள். கன்னம் வெள்ளையாக இருந்தால் அது தோலா வெளிச்சமா என்று அச்சைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கருந்தோலைக் காட்ட அந்தக் காலத்துச் செதுக்கர்களுக்குத் தெரியாமலும் இல்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று அரசர்களில் ஒருவர் முகத்தைக் கோடுமேல் கோடாக இழைத்துக் கருப்பாக்கிய அச்சுகள் உண்டு. இவளை அப்படிச் செய்யவில்லை. என் தரப்பு வாதம் இதுதான்.

அதனால் இத்தாலிய ஓவியர் குவெர்சினோ 1651இல் வரைந்த லிபிய சிபிலின் படத்தை ஓவியருக்கு அனுப்பினேன். தலைப்பாகை, புத்தகம், வெளுத்த முகம். இப்போது பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. வாட்டிகனின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோவின் லிபியாக்காரியும் வெளுப்புதான், பொன்னிறக் கூந்தல் வேறு. அவளுக்காக அவர் சிவப்புச் சுண்ணத்தில் போட்ட பயிற்சி வரைவு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு மாதிரியாக உட்கார்ந்தது ஓர் ஆண். ஆண் உடம்பே லிபியப் பெண்ணாகலாம் என்றிருந்தவர்கள் ஆப்பிரிக்காவின் நிறத்தைப் பற்றியா கவலைப்பட்டிருப்பார்கள்? அவர்களைத் திருத்துவது நகல் போடுகிறவன் வேலையில்லை என்று நினைத்தேன். பெரும்பாலும் இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படத்தை வாங்க வந்த அம்மையார் ஆடையைப் பாராட்டினார், மெழுகுவத்தியைப் பாராட்டினார். பிறகு, "இவள் ஏன் இப்படி வெளுத்துவிட்டாள்?" என்றார். அசல் அச்சு அவருடைய பாட்டி வீட்டு மாடிப்படியில் தொங்கியது. பின்னால் வைத்த மரப்பலகையின் அமிலம் இறங்கித் தாள் முழுக்கப் பழுப்பேறியிருந்தது. சிறுவயதிலிருந்து அவர் பார்த்த லிபியாக்காரி மாநிறம். "லிபியா ஆப்பிரிக்காவில்தானே இருக்கிறது?" என்றும் கேட்டார்.

ஸ்கேன் செய்ததும் அந்தப் பழுப்பை நீக்கியது நான்தான். அப்படித்தான் செய்யவேண்டும். இல்லாவிட்டால் நுணுக்கமான கோடுகள் ஓவியருக்குத் தெரியாது. கறையை யாரும் வரையச் சொல்வதில்லை. பலகை, அமிலம், தாளின் வயது என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது எனக்குத் தெரியும்" என்றார்.

தெரிந்தும் ஏன் கேட்டார்? முகத்தின்மேல் மெல்லிய பழுப்பு வண்ணம் ஒரு பூச்சு ஏற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று மறுத்து, பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தார். (பேரத்தில் கெட்டிக்காரி கூமே சிபில்தான். ஒன்பது நூல்களுக்கு ரோம் மன்னன் டார்குவின் விலை படியாததால் மூன்று மூன்றாக ஆறை எரித்துவிட்டு, மிச்ச மூன்றை முதலில் சொன்ன விலைக்கே விற்றாளாம். எங்கள் முதலாளிக்கு மிகப் பிடித்த கதை.)

கடையில் மாநிறக்காரன் நான் ஒருவன்தான். பழுப்பு என்று எழுதியிருந்தால், தன் நிறத்தைப் பூசிவிட்டான் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பயத்தில்தான் குவெர்சினோவைத் தேடிப் போனேனா? இல்லை என்று அடித்துச் சொல்ல வரவில்லை. அதே 17ஆம் நூற்றாண்டு ஃப்ளாண்டர்ஸில் அக்ரிப்பா என்ற சிபிலைக் கருப்பினப் பெண்ணாகவே வரைந்த ஓவியம் உண்டு. அவள் பெயரே எகிப்தியள் என்பதன் சிதைவு என்பார்கள். எனக்குத் தெரிந்த ஓவியம்தான். அதை அனுப்பாததற்குக் காரணம் அவள் அக்ரிப்பா, இவள் லிபியாக்காரி என்பது. காரணம் சரியானதே. சரியாக இருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

இப்போது ஆர்டர் படிவத்தில் தோல் நிறத்துக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். நிறமில்லாத படத்துக்கு நாமே நிறம் போட்டு விற்பதை ஏன் வலியச் சொல்லிக்காட்டவேண்டும், எடுத்துவிடு என்கிறார் முதலாளி. நான் எடுக்கவில்லை. பெரும்பாலானவர்கள் வெறுமையாக விட்டுப் போகிறார்கள். அப்போது நானே நிரப்பி அனுப்பிவிடுகிறேன்.