ஆஸ்பிரின் கணக்கில் 117 சதவீதம் வந்தால்

ஆய்வகத்தில் ஆஸ்பிரின் செய்வது சுலபம். ரெக்கார்டு நோட்டில் விளைச்சல் சதவீதம் (கிடைக்க வேண்டியதில் எத்தனை சதவீதம் கிடைத்தது) எழுதும் இடத்தில்தான் பலருக்குக் கை நிற்கும்.

எடுப்பது 2.0 கிராம் சாலிசிலிக் அமிலம், 5 மி.லி. அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ஐந்தாறு சொட்டு அடர் கந்தக அமிலம். வினையில் ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) சாலிசிலிக் அமிலத்துக்கு ஒரு மோல் அன்ஹைட்ரைடு. கிடைப்பது ஒரு மோல் ஆஸ்பிரின், ஒரு மோல் அசிட்டிக் அமிலம். கந்தக அமிலம் வினையூக்கி மட்டுமே, அதைக் கணக்கில் இழுக்க வேண்டாம்.

சாலிசிலிக் அமிலத்தின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 138.12 கிராம். ஆக 2.0 ÷ 138.12 = 0.01448 மோல். அன்ஹைட்ரைடு திரவம் என்பதால் மி.லி.யை நேரே மோலாக்க முடியாது. அடர்த்தி மி.லி.க்கு 1.08 கிராம், எனவே 5.4 கிராம், அதை அதன் மோலார் நிறை 102.09-ஆல் வகுத்தால் 0.0529 மோல். அன்ஹைட்ரைடு மூன்றரை மடங்குக்கு மேல் இருக்கிறது. முதலில் தீர்வது சாலிசிலிக் அமிலம். அதுதான் லிமிட்டிங் ரீஏஜென்ட், எவ்வளவு ஆஸ்பிரின் வரும் என்பதைத் தீர்மானிப்பது. அன்ஹைட்ரைடைத் தாராளமாக ஊற்றுவதற்குக் காரணம் உண்டு: அதுவே கரைப்பானாகவும் இருக்கிறது, குடுவையில் ஈரம் இருந்தால் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

"2 கிராம்தானே குறைவு, அதுதானே லிமிட்டிங்?" என்று எடையைப் பார்த்துச் சொன்னாலும் இங்கே விடை சரியாக வந்துவிடும். ஆபத்தே அதுதான். 1 கிராம் ஹைட்ரஜனோடு 7 கிராம் ஆக்சிஜனை எரித்துப் பாருங்கள். ஹைட்ரஜன் முழுதும் எரிய ஏறக்குறைய 7.9 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஏழு மடங்கு எடை இருந்தும் ஆக்சிஜன்தான் முதலில் தீரும். ஒப்பிட வேண்டியது மோலை. அதையும் சமன்பாட்டிலுள்ள கெழுவால் (பொருளின் முன்னால் நிற்கும் எண்) வகுத்த பிறகு.

இனி ஆஸ்பிரின், மோலார் நிறை 180.16: 0.01448 × 180.16 = 2.61 கிராம். இது ஏட்டு விளைச்சல், எதுவும் வீணாகாவிட்டால் கிடைக்க வேண்டியது. சரிபார்க்க ஒரு வழி: கூடவே வரும் அசிட்டிக் அமிலம் 0.87 கிராம், இரண்டும் சேர்ந்தால் 3.48. உள்ளே போனது 2.0 கிராமும், வினையில் செலவான அன்ஹைட்ரைடு 1.48 கிராமும். கணக்கு நேர். தட்டில் கிடைத்தது 2.1 கிராம் என்றால் 2.1 ÷ 2.61, அதாவது 80 சதவீதம். நல்ல விளைச்சல்.

அப்படியானால் 117 எங்கிருந்து வருகிறது? 0.01448-ஐ 0.01 என்று சுருக்கியவருக்கு ஏட்டு விளைச்சல் 1.80 கிராம், அதே 2.1 கிராம் 117 சதவீதமாகிவிடும். சுருக்குவது கடைசி வரியில் மட்டும்.

கணக்கு சரியாக இருந்தும் நூறைத் தாண்டினால் பொருள் ஈரம், அல்லது வடிதாளின் எடையைக் கழிக்கவில்லை. மறுபடி உலர்த்தி, அடுத்தடுத்த இரு எடைகள் ஒன்றாகும்வரை நிறுங்கள். அவசரப்பட்டுச் சூடான உலர்த்தும் அடுப்பில் (oven) வைக்காதீர்கள், ஈர ஆஸ்பிரின் சிதைந்து பழையபடி சாலிசிலிக் அமிலமாகும். ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டு ஊதா நிறம் வந்தால் சாலிசிலிக் அமிலம் கலந்திருக்கிறது, அந்த 80 சதவீதமும் முழுக்க ஆஸ்பிரின் இல்லை.

குறைவாக வந்தால் பெரும்பாலும் கழுவிய தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். 25 டிகிரியில் 100 மி.லி. தண்ணீர் சுமார் 0.3 கிராம் ஆஸ்பிரினைக் கரைத்துக்கொள்ளும், 2.61-இல் அது 11 சதவீதத்துக்கு மேல். ஐஸ் தண்ணீரில் 5 மி.லி. வீதம் இரண்டு முறை கழுவினால் போதும்.