பால் கணக்கு

மகன் பிறந்தபோது 2.6 கிலோ. நான்காம் நாள் 2.42. ஐப்பசி அடைமழையில், ஆட்டோவின் படுதாவை இறக்கிவிட்டுக் கும்பகோணத்தில் அம்மா வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன். முதல் சில நாட்களில் பத்து சதவீதம் வரை இளைப்பது வழக்கம்தான், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிடுவான் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறான் என்று எண்ண வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறைந்தால் உடனே வரவேண்டும்.

அப்பா பரணிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். முன்பாதியில் 2009ஆம் வருடத்துப் பால்காரர் கணக்கு. காலை அரை, மாலை அரை. ஓரிடத்தில் "தண்ணீர் அதிகம், சொல்லியாச்சு". பின்பாதி காலி. அங்கே கோடு போட்டேன்: நேரம், இடமா வலமா, எத்தனை நிமிடம், ஒன்றுக்கு, இரண்டுக்கு. எந்தப் பக்கம் கொடுத்தோம் என்பது ராத்திரி இரண்டு மணிக்கு நினைவிருக்காது. அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். கொடுத்த பக்கம் நைட்டியில் ஒரு ஊக்கு. ஊக்கைப் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

எழுதினேன் என்று சொல்கிறேனே தவிர பாதி எழுதியது அம்மாதான். நான் தூங்கும்போது அவள் துணி மாற்றுவாள். வண்ணான் கணக்கு மாதிரி நாலு கோடு, குறுக்கே ஒன்று. இரண்டுக்குப் போனால் நிறமும் எழுதுவாள். முதல் இரண்டு நாள் தார் போலக் கறுப்பாக இருந்தது பிறகு பச்சையாகி, ஆறாம் நாள் "கடுகு அரைச்ச மாதிரி மஞ்சள்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். அந்த நிறத்தைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் வாரம் அழுகை தொடங்கியது. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "பால் பத்தலைடி, அதான் கத்துறான். ஒரு பாட்டில் வாங்கு" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னைப் படுத்தியது போல பிரசவ வலிகூடப் படுத்தவில்லை. அப்பா பேசாமல் நோட்டை எடுத்து வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார், பால்காரரிடம் வாசிப்பது போலவே. நேற்று ஒன்பது துணி. முந்தாநாள் எட்டு. பதினோராம் நாள் எடை 2.64. "உள்ளே போகாமலா வெளியே வருது?" பெரியம்மா விடவில்லை. அப்படியானால் தூக்கும்போது எங்காவது பிசகி உரம் விழுந்திருக்கும் என்றார். அவர் போனபிறகு பக்கங்களைப் புரட்டினேன். அழுகை எல்லா நாளும் மாலை ஆறரைக்கு மேல் தொடங்கி ஒன்பதுக்குள் அடங்கியிருந்தது. டாக்டரிடம் நோட்டையே நீட்டினேன். எடை ஏறுகிறது, காய்ச்சல் இல்லை, இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு வருகிற மாலை அழுகைதான், மூன்று மாதத்தில் தணிந்துவிடும் என்றார். தணிந்தது. அம்மா அதற்குள் இரண்டு தடவை சுற்றிப் போட்டிருந்தாள், அதனால் பெருமை யாருக்கு என்பதில் இன்றும் வழக்கு உண்டு.

உரை மருந்துச் சண்டையும் நோட்டில் இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா ஜாதிக்காயையும் மாசிக்காயையும் கல்லில் இழைக்க எடுத்துவிட்டாள். "கொடுக்கவில்லை" என்று நான் எழுத, பக்கத்திலேயே அவள் கையெழுத்து: "நீ குடிச்சு வளர்ந்ததுதான்."

ஒன்றரை மாத ஊசி போட்ட ராத்திரி 100.6 காய்ச்சல். நானும் அம்மாவும் மாறி மாறி விழித்திருந்தோம். விடிந்ததும் காய்ச்சலுக்கான சொட்டு மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று பார்க்க நோட்டைத் திறந்தேன். 4.10க்கு நேரே, இரண்டுக்கு என்ற கட்டத்தில், அம்மா எழுதியிருந்தாள்: "என்னைப் பார்த்துச் சிரித்தான்."

சிரிப்புக்கு நான் கட்டம் போடவில்லை. அவளும் காலியாக இருந்த இடத்தில் எழுதிவிட்டாள். அதுவரை அவன் சிரித்ததெல்லாம் தூக்கத்தில்தான், நரி விரட்டுகிறது என்போமே, அந்தச் சிரிப்பு. முகத்தைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல். நான் ஆறடி தள்ளிப் படுத்திருந்தேன். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்கு, "நீ அப்பத்தானே கண்ணை மூடினே" என்றாள். சரி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கு அவன் சிரிக்க மூன்று நாள் ஆனது. அதை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

அப்புறம் கணக்கு மெலிந்துவிட்டது. தலை நின்றது ஒரு வரி. குப்புற விழுந்ததும் எங்கள் வீட்டு வழக்கப்படி கொழுக்கட்டை, அதற்கு ஒரு வரி. ஐந்து மாதத்தில் 5.3 கிலோ, பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு. சென்னைக்கு வந்தபிறகு வாரத்துக்கு ஒருமுறை எழுதினாலே பெரிது. போனில் அம்மாவின் முதல் கேள்வி இன்னும் "இன்னைக்கு என்ன எழுதினே?" என்பதுதான்.

இப்போது அவனுக்குப் பதினொரு மாதம். சுவரைப் பிடித்து நடந்துபோய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எதையாவது இழுத்துப் போடுவான். நேற்று சிக்கியது நோட்டு. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவதற்குள் ஒரு பக்கத்தின் மூலை வாய்க்குள் போய்விட்டது. விரலை விட்டு எடுத்துப் பார்த்தால் 2009, மாலை அரை லிட்டர். பேனாவைத் தேடி எழுதினேன்: காலை 10.20, காகிதம், கொஞ்சம்.