வேப்பம்பருப்பும் கிணற்றுத் தண்ணீரும்: ஓர் இறுதியாண்டு ஆய்வின் அனுபவம்

2022 ஆம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில், பெற்றோல் வரிசையில் நின்று களைத்த யாழ்ப்பாணம் மறுபடியும் சைக்கிளுக்குத் திரும்பியிருந்த நாள்களில், பின் கரியரில் ஒரு பனையோலைக் கடகத்தைக் கட்டிக்கொண்டு கோண்டாவிலுக்கும் உரும்பிராய்க்கும் இடையே வேப்பம்பழம் பொறுக்கித் திரிந்தேன். இரசாயனவியல் இறுதியாண்டு ஆய்வுக்கு வேம்பைத் தெரிவு செய்தபோது, இதில் ஆராய இனி என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்டவர்களே அதிகம். அதற்கு முந்தைய ஆண்டு இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டு, சில மாதங்களில் அத்தடை நீக்கப்பட்டதை எல்லோரும் அறிவர். அந்த இடைவெளியில் எங்கள் ஊரில் வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரிக்காத தோட்டக்காரர் இல்லை என்றே சொல்லலாம். ஒருவர் அது வேலை செய்கிறது என்றார். அடுத்த வேலிக்காரர், அதே மரத்துக் கொட்டையை எடுத்தவர், பச்சைத் தண்ணீரை அடித்தது போலத்தான் இருந்தது என்றார். இருவரும் பொய் சொல்லக் காரணமில்லை. ஒரே கொட்டை இரண்டு தோட்டங்களில் இரண்டு விதமாக நடந்துகொள்வது ஏன் என்பதே என் ஆய்வுக் கேள்வியாயிற்று.

வேம்பின் இரசாயனம் நம் பக்கத்து நாட்டிலேயே தொடங்கிய கதைதான். 1942 இல் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஆனால் பூச்சியை இலையை விட்டு விலகச் செய்யும் முதன்மைப் பொருளான அசாடிராக்டினை, பட்டர்வொர்த், மோர்கன் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் 1968 இல்தான் வித்திலிருந்து பிரித்தனர். பாலைவன வெட்டுக்கிளி உண்ண மறுக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே அதை அடையாளம் கண்டனர். 35 காபன், 44 ஐதரசன், 16 ஒட்சிசன் அணுக்களைக் கொண்ட அந்த மூலக்கூறின் கட்டமைப்பு 1985 வரை தெளிவாகவில்லை. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழுவினர் அதை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்து முடித்தது 2007 இல். அதற்கு 22 ஆண்டுகள் பிடித்தன. எங்கள் வளவுகளில் கூட்டி அள்ளி எரிக்கப்படும் கொட்டைக்குள் மரம் அதை ஆண்டுதோறும் ஆரவாரமின்றிச் செய்து வைக்கிறது. அந்த மூலக்கூறில், அமிலமும் அற்ககோலும் இணைந்து உருவாகும் எசுத்தர்க் கூட்டங்கள் பல இருக்கின்றன என்பதை மட்டும் வாசகர் இங்கே நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எனக்கு வந்த தொல்லை முழுவதும் அவற்றால்தான்.

பழம் பொறுக்குவது எளிது என்று எண்ணியது முதற் பிழை. பத்துக் கிலோ பழத்தில் தோலும் சதையும் கோதும் போக ஏறத்தாழ ஒரு கிலோ பருப்புத்தான் தேறும். முதல் நாள் பொறுக்கியதை அப்படியே உரப்பையில் கட்டி வைத்துவிட்டு மூன்றாம் நாள் அவிழ்த்தேன். பை சூடாக இருந்தது. உடைத்துப் பார்த்த பருப்புகளில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அம்மம்மா சுளகில் கொஞ்சத்தை அள்ளி மணந்து பார்த்து, "உதை எறிஞ்சு போடு பிள்ளை. பழத்தை அண்டண்டைக்கே பிசைஞ்சு கழுவி, நிழலிலை எல்லோ காயப் போடோணும்" என்றார். நூல்களும் அதையேதான் சொல்கின்றன என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். சதையோடு கிடக்கும் கொட்டையில் பூஞ்சணம் விரைவில் பிடிக்கும். கடும் வெயிலில் உலர்த்தினால் அசாடிராக்டின் குறையும். அதன் பின்னர் அன்றாடம் மாலையில் கிணற்றடியில் கழுவி, விறாந்தையில் சாக்கு விரித்துப் பரப்பினேன். காகமும் வௌவாலும் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகள் ஏற்கெனவே துப்புரவாகக் கிடைத்ததால், விடியற்காலையில் மரத்தடிக்குப் போவதே இலாபம் என்று கண்டுகொண்டேன்.

ஆய்வுகூடத்தில் பருப்பை இடித்து, முதலில் எக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எண்ணெயை அகற்றி, எஞ்சிய சக்கையை மெதனோல் என்ற கரைப்பானில் ஊறவைத்து வடிப்பது முறை. அவசரத்தில் மெதனோல் பகுதியை, கரைப்பானைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்ப வடிக்கும் சொக்ஸ்லெட் உபகரணத்தில் ஏற்றி மணிக்கணக்காகக் கொதிக்க விட்டேன். என்னை வழிநடத்திய விரிவுரையாளர் கண்ணாடிக் குடுவையைப் பார்த்துவிட்டு, தேநீர் வடிக்கிறீரா என்று மட்டும் கேட்டார். சூடு தாங்காத பொருளை அறை வெப்பநிலையில், பொறுமையாக, இருட்டில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். மெதனோலை நீக்குவதும் குறைந்த அமுக்கத்தில், நீர்த்தொட்டியை 40 பாகை செல்சியசுக்கு மேல் விடாமல் செய்ய வேண்டிய வேலை. அன்றாட மின்வெட்டின் நடுவே சுழல் ஆவியாக்கி பலமுறை பாதியில் நின்றது. மின்வெட்டு அட்டவணையை ஆய்வுக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் ஒட்டி வைத்து, அதற்கேற்ப ஊறவைக்கும் நேரத்தைக் கணக்கிட்டேன்.

கிடைத்த பிசினில் என்ன இருக்கிறது என்று முதலில் காட்டியது மென்படை நிறப்பகுப்புத்தான். சிலிக்கா பூசிய சிறு தகட்டின் அடியில் ஒரு புள்ளி வைத்து, கரைப்பானை மேலேற விட்டு, வனிலின் கலந்த சல்பூரிக் அமிலத்தைத் தெளித்துச் சூடுகாட்டியபோது, வெறுமையாக இருந்த தகட்டில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நிறம்பெற்று எழுந்தன. நிம்பினும் வேம்பின் இன்னொரு கசப்புப் பொருளான சலானினும் மேலே ஏறிவிட, முனைவுத்தன்மை கூடியதால் சிலிக்காவோடு அதிகம் ஒட்டிக்கொள்ளும் அசாடிராக்டின் கீழேயே தங்கியிருந்தது. வேப்பெண்ணெயின் உள்ளி நாற்றத்தோடு வனிலினின் கேக் வாசமும் கலந்த அந்த அறைக்குள் வேறு துறை மாணவர் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அளவைத் துல்லியமாக அறிய, கலவையில் உள்ளவற்றைப் பிரித்து ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு முகடாகக் காட்டும் உயர்வினைத்திறன் திரவ நிறப்பகுப்பு தேவைப்பட்டது; அசாடிராக்டின் 217 நனோமீற்றரில் புறஊதாக் கதிரை உறிஞ்சுவதைக் கொண்டு அளப்பார்கள். எங்களிடம் அப்போது இயங்கும் நிலையில் அக்கருவி இல்லாததால், மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொழும்பில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பெட்டி அன்றிரவே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அதைப் பெற்றுக்கொண்டவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல் வரவேற்பு மேசைக்கு அடியில் நான்கு நாள்கள் விட்டுவிட்டனர். வந்த வரைபடத்தில் எதிர்பார்த்த முகடு தாழ்ந்து, அதைச் சுற்றிச் சிதைவுப் பொருள்களின் சிறு முகடுகள் நிறைந்திருந்தன. எழுதிக் கேட்டதற்கு, மாதிரிதான் தரமில்லை என்று பதில் வந்தது. இரண்டாம் முறை நானே புகையிரதத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அதற்கிடையில் புழுக்களை வளர்க்கத் தொடங்கியிருந்தேன். வெங்காயத் தாளைத் துளைத்து உள்ளே போய்ப் பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்னும் பச்சைப்புழு அது. கண்ணாடிப் போத்தல்களில், ஒன்று ஒன்றைத் தாக்காதபடி தனித்தனியாக அடைத்தேன். வேப்பம்பருப்புச் சாறு தடவிய தாளை வைத்தால், புழு வாயை வைத்துவிட்டு விலகும். கொஞ்சம் தின்ற புழுவும் மறுநாளே சாகாது. தோலுரிக்க வேண்டிய நாள் வரும்போதுதான் பாதிப்பு வெளிப்படும். அசாடிராக்டின் தோலுரிப்பைத் தூண்டும் சுரப்பைக் குழப்புகிறது. ஒரு புழு பழைய தோல் தலையில் தொப்பி போல மாட்டியபடி, வாலைக் கழற்ற முடியாமல் இரண்டு நாள்கள் கிடந்து கறுத்ததை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். தோட்டத்துக்காரர் மறுநாள் காலையிலேயே புழு கொட்டிக் கிடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் இந்த மருந்து பாதிப் பேரிடம் பெயர் கெடுகிறது என்பது என் எண்ணம்.

ஆனால் மற்றப் பாதிக்கு அது பதில் ஆகவில்லை. அடுத்த வளவு மாமா தம் வெங்காயத் தோட்டத்தில் நான்கு பாத்திகளை எனக்கு விட்டுக்கொடுத்தார். 5 கிலோ பருப்பை இடித்து 100 லீற்றர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, வடித்து, சவர்க்காரம் கரைத்துத் தெளிப்பது என்ற வழக்கமான அளவிலேயே, அதை இருபதில் ஒரு பங்காகக் குறைத்துச் செய்தேன். வெங்காயத் தாளில் மெழுகுப் பூச்சு இருப்பதால் சவர்க்காரம் இல்லாவிட்டால் துளி உருண்டு விழுந்துவிடும். இரண்டாம் கிழமையில் மாமா வந்து, தாளில் விழுந்திருந்த வெள்ளைச் சன்னல்களை எனக்குக் காட்டினார். "பிள்ளை, உன்ரை போத்திலுக்கை மட்டுமே சாகுது? என்ரை பாத்தியிலை கொழுத்து நிக்குது" என்றார். உண்மைதான். ஆய்வுகூடத்தில் வேலை செய்த சாறு தோட்டத்தில் செய்யவில்லை.

இரண்டுக்கும் இடையில் மாறியது தண்ணீர் ஒன்றே என்பது எனக்கு உறைக்க மேலும் ஒரு கிழமை எடுத்தது. போத்தலில் நான் பயன்படுத்தியது காய்ச்சி வடித்த நீர். தோட்டத்தில் இறைத்தது சுண்ணாம்புக்கல்லின் மேல் நிற்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளைக் காறையாகப் படிகிற அதே சுண்ணாம்பு. ஒரு நீர் அமிலமா (7 க்குக் கீழே) காரமா (7 க்கு மேலே) என்று காட்டும் பீஎச் பெறுமானம் அதில் 7.8 ஆக இருந்தது. உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைக் கரைத்ததும் அது 9 ஐத் தாண்டியது. நான் முன்பு சொன்ன எசுத்தர்க் கூட்டங்கள் காரத்தில் உடைந்துபோகும் தன்மையுள்ளவை. அசாடிராக்டின் நிலைத்து நிற்பது 4 இலிருந்து 6 வரையான மென் அமில நிலையில்தான். தெளிப்பதற்கு முதல்நாளே சவர்க்காரத்தையும் சேர்த்து ஊறவைப்பவர், விடியும்போது மருந்தில்லாத மருந்தைத்தான் தோளில் சுமந்து போகிறார். காய்ச்சி வடித்த நீர், கிணற்று நீர், கிணற்று நீரும் சவர்க்காரமும், கிணற்று நீரும் தேசிப்புளியும் என்று நான்கு சாடிகளில் ஓரிரவு வைத்துப் புழுவுக்குக் கொடுத்துப் பார்த்தேன். சவர்க்காரச் சாடியில் தோய்த்த தாளைப் புழுக்கள் வெறுந்தாளைப் போலவே தின்றன. தேசிப்புளிச் சாடியில் தோய்த்ததை, காய்ச்சி வடித்த நீரில் தோய்த்ததைப் போலவே தவிர்த்தன.

வெற்றி என்று துள்ளிக் குதித்து, சவர்க்காரக் கரைசலிலேயே தேசிப்புளியைப் பிழிந்தேன். முதலாண்டு மாணவருக்குத் தெரியும் விடயம்: அமிலம் பட்டதும் சவர்க்காரம் திரைந்து தயிராகி, தெளிகருவியின் மூக்கை அடைத்தது. சுண்ணாம்பு கரைந்த வன்னீரில் சவர்க்காரம் திரைவது வேறு காரணத்தால். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளைத் தெளிக்கும் நேரத்தில் மட்டும் சேர்த்தோம். அது நுரைத்துத் தாளில் படிந்தது. புறஊதாக் கதிரும் அசாடிராக்டினைச் சிதைப்பதால் வெயில் சாய்ந்த பின்னரே தெளித்தோம். புழு தாளுக்குள் புகுந்துவிட்டால் எந்தச் சாறும் அதை எட்டாது. ஆகவே முட்டை பொரிக்கும் நாளைப் பார்த்து அடிக்க வேண்டியிருந்தது. அதில் மாமாவின் கண்ணுக்கு என் குறிப்பேடு ஈடாகவில்லை. அடுத்த நான்கு பாத்திகள் முழுமையாகத் தப்பின என்று நான் எழுத மாட்டேன். புழு இருந்தது, ஆனால் மாமா பாத்தியை உழுதுபோடவில்லை, வெங்காயம் கிண்டினார்.

ஆய்வு நடக்கும் செய்தி பரவியதும் குடிப்பதற்கு வேப்பெண்ணெய் கேட்டு வந்தவர்களும் உண்டு. வேப்பம்பூ வடகம் பொரித்துச் சோற்றோடு தின்பது வேறு, எண்ணெயைக் குழந்தையின் வாயில் ஊற்றுவது வேறு. வேப்பெண்ணெய் பருக்கப்பட்ட சிறு குழந்தைகள் வாந்தியும் வலிப்புமாகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981 இலேயே பதிவு செய்திருக்கின்றனர். கேட்டு வந்த எவருக்கும் ஒரு துளி கூடக் கொடுக்கவில்லை.

ஆய்வேட்டின் இறுதி அத்தியாயத்துக்கு மூன்று மரங்களின் பருப்பை ஒப்பிட்டேன். ஒரே மண், ஒரே மழை. ஆனாலும் உரும்பிராயில் ஒரு பாழ்வளவின் மூலையில் நின்ற மரத்தின் முகடு மற்ற இரண்டையும்விடத் தெளிவாக உயர்ந்திருந்தது. மறு ஆண்டு பழம் பொறுக்கப் போனபோது அந்த மரம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த உரிமையாளர் புது வீட்டு நிலைக்கும் கதவுக்கும் தறித்துவிட்டாராம். வேம்பு செல்லரிக்காத மரம் என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. போத்தலில் நான் எடுத்து வைத்திருந்த அதன் கொட்டைகளை மண்ணில் ஊன்றிப் பார்த்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. வேப்பம்வித்தின் முளைதிறன் சில கிழமைகளிலேயே போய்விடும் என்பதை அதன் இரசாயனத்தைப் படித்த மும்முரத்தில் மறந்துவிட்டிருந்தேன். ஆனால் முதலாண்டு கழுவும்போது கிணற்றடியில் சிந்திய கொட்டைகளில் ஏழு, அம்மம்மா தண்ணீர் ஊற்றும் வாழைகளுக்கு நடுவே முளைத்திருந்தன. அவற்றில் எது எந்த மரத்துக் கொட்டை என்று சொல்ல வழியில்லை. ஐப்பசி மழைக்கு முன்னர் தண்ணீர் தேங்காத மேட்டில், வேலியோரமாகப் பிடுங்கி நட்டேன். ஒன்றை ஆடு கடித்துவிட்டது. மற்ற ஆறும் என் தோளுயரத்துக்கு வந்துவிட்டன. காய்க்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றின் பருப்பையும் தகட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.