முதல் துவக்கு

போன வருசம் அக்காவின் கலியாணத்துக்கு ரொறன்ரோ போயிருந்தபோது, ஸ்காபறோவில் இருக்கிற மாமாவின் மகன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னை எயர்சொஃப்ட் விளையாடக் கூட்டிக்கொண்டு போனான். அசல் துப்பாக்கி மாதிரிச் சாமானால் ஆளையாள் பிளாஸ்ரிக் குண்டால் சுட்டு விளையாடுகிற விளையாட்டு அது. வாடகைத் துவக்கு, வாடகைப் பாதுகாப்புக் கண்ணாடி. இரண்டு நாளும் நான் எதிராளியைவிட என் கண்ணாடியில் படிந்த ஆவியோடுதான் கூடச் சண்டை பிடித்தேன். ஆனால் பிடித்துப்போய்விட்டது. அடுத்த வருசமும் போகிறேன். அதற்குள் ஆளுக்குப் பாதிக் காசு போட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கி, அவன் வீட்டு நிலக்கீழ் அறையில் வைப்பதென்று முடிவு. எதை வாங்குவதென்று பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

திருகோணமலைக்கு அதைக் கொண்டுவரும் பேச்சே இல்லை. அசல் துவக்கு மாதிரியே இருக்கிற சாமானைச் சுங்கத்தில் பெட்டி திறந்து விளக்குகிற துணிவு எனக்கில்லை. அதைவிட, இது கடற்படைத் தளமும் கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருக்கிற ஊர். பையைத் திறந்து காட்டிக் காட்டியே வளர்ந்த ஆட்கள் நாங்கள். அம்மா ஒரே வசனத்தில் முடித்துவிட்டா: "அங்க வச்சு என்னத்தையாவது விளையாடு, உது இந்தப் படலைக்குள்ள வரப்படாது."

ஆக, துவக்கில்லாத ஊரில் இருந்துகொண்டு துவக்குத் தெரிவு செய்ய வேண்டும். கையில் இருந்தது தங்கச்சியின் மகன் கோயில் திருவிழாக் கடையில் வாங்கி, இரண்டு நாளில் அலுத்துப்போய் எறிந்த ஸ்பிறிங் கைத்துப்பாக்கி. 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டுதான் இதற்கும். படலைக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ரை அதன்மேல் அடித்துவிட்டுத்தான் முற்றத்துக்கே எடுத்தேன்.

கடைகள் எல்லாம் முதலில் சொல்லுவது வேகம். செக்கனுக்கு இத்தனை அடி. அந்த எண்ணை நானே ஒருக்கால் அளந்து பார்த்தால்தான் எனக்கு விளங்கும் போலிருந்தது. வேகமானி வாங்கவில்லை. மீன் ரின் ஒன்றைக் கழுவிக் கயிற்றில் தொங்கவிட்டு, நாடா பிடித்து 5 மீற்றர் தள்ளி நின்று, கைபேசியை என் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்தேன். சுடும் 'டப்' ஒன்று, ரின்னில் படும் 'டங்' ஒன்று. பதிவை இழுத்துப் பெருப்பித்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையில் 0.114 செக்கன். 'டங்' திரும்பி என் கைபேசிக்கு வர, நம்ம ஊர் வெக்கையில் ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் ஓடுகிறதென்று வைத்தால், 0.014 செக்கன் கழியும். மிச்சம் 0.1. அதாவது செக்கனுக்கு 50 மீற்றர், 164 அடி. பத்துத் தரம் சுட்டதில் ஏழு இதற்குக் கிட்டவே வந்தது. மற்ற மூன்றும் ரின்னில் படவில்லை.

அதே வேலையை 10 மீற்றரில் செய்தபோது சராசரி செக்கனுக்கு 42 மீற்றருக்கு இறங்கிவிட்டது. துவக்கு அதேதான், குண்டும் அதேதான். பாரம் குறைந்த குண்டைக் காற்று அவ்வளவு விரைவாகப் பிடித்து நிறுத்துகிறது. கடைக்காரர் சொல்லுகிற வேகம் குழல் வாயில் உள்ள வேகம். ரின் வரைக்கும் அது வராது.

பாரத்தை அறியச் சிநேகிதன் வேலை செய்கிற நகைக்கடைக்குப் போனேன். தங்கம் நிறுக்கிற தராசில் பிளாஸ்ரிக் குண்டைக் கொட்டியதும் முதலாளி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். 50 குண்டு, 5.8 கிராம். பைக்கற்றில் போட்டிருந்த 0.12க்கு மோசமில்லை. ஆனால் வேர்னியர் அளவுகோல் பிடித்து விட்டத்தைப் பார்த்தால் ஒன்று 5.87 மில்லிமீற்றர், ஒன்று 6.02, பொருத்துத் தழும்பும் கையில் தட்டுகிறது. நல்ல எயர்சொஃப்ட் குண்டு 5.95க்கு அங்காலை இங்காலை மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு மட்டும்தான் விலகும். உட்குழல் 6.03 முதல் 6.08 வரை என்கிறபோது இந்தத் திருவிழாக் குண்டைப் போட்டால் இறுகி நிற்கத்தான் செய்யும். குண்டில் காசு மிச்சம் பிடிக்கக்கூடாதென்று அன்றைக்கே எழுதி வைத்தேன்.

பிறகுதான் ஒரு புதையல் கிடைத்தது. ரொறன்ரோவில் போட்ட காற்சட்டைப் பையில், தோய்த்து முடிந்த பிறகும், 0.25 கிராம் குண்டு பதினொன்று கிடந்தது. கச்சான் காற்று நல்லாய் வீசுகிற பின்னேரமாய்ப் பார்த்து, காற்றுக்குக் குறுக்கே 10 மீற்றரில் பழைய படுக்கை விரிப்பைக் கட்டி இரண்டையும் சுட்டேன். 0.12 கிராம் குண்டு அரை மீற்றர் போல ஒதுங்கியது. 0.25 ஒன்றரைச் சாண்தான் ஒதுங்கியது, ஆனால் கூடக் கீழே விழுந்தது. அந்த விழுகையைச் சரிக்கட்டத்தான் உண்மையான எயர்சொஃப்ட் துவக்கில் ஹொப்-அப் என்று ஒரு றப்பர் இருக்கிறது. குண்டின் மேல்பக்கத்தை உரசிப் பின்சுழற்சி கொடுத்து அதைத் தூக்கிப் பிடிக்கும். என்னுடைய மஞ்சள் சாமானில் அது இல்லை.

விரிப்பில் படாத குண்டுகளை அரிசி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடிவந்தன. அதோடு முற்றத்துச் சோதனை நின்றது. அந்த அன்ரி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மதிலுக்கு மேலால் பார்த்த பார்வை போதும்.

சட்டத்தைப் பார்க்கப் போனால் தலைகீழ்க் கதை. கனடாவில், அசலை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும் எயர்சொஃப்ட் துவக்கு 0.20 கிராம் குண்டோடு செக்கனுக்கு 366 அடிக்குக் குறைவாகச் சுட்டால் அது 'போலித் துவக்கு', தடை செய்யப்பட்ட சாமான். அதற்கு மேலே 500 அடி வரைக்கும் என்றால் பரவாயில்லை. வலுக் குறைந்ததுதான் குற்றம்! அதனால்தான் அங்கே ஒரு காலத்தில் கண்ணாடி மாதிரி ஊடுதெரியும் பிளாஸ்ரிக்கில் செய்து விற்றார்களாம். நாங்கள் விளையாடிய மைதானத்திலோ 400 அடிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஆக எங்களுக்குக் கிடைத்த இடைவெளி 366க்கும் 400க்கும் நடுவில், குண்டின் சக்தியை யூல் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 1.25க்கும் 1.49க்கும் நடுவில். என் மஞ்சள் சாமான் 0.15 யூல். அது பத்து மீற்றரில் படுக்கை விரிப்பை ஆட்டியதைப் பார்த்தபிறகு, பத்து மடங்கு என்றால் என்னவென்று யோசித்துக் கண்ணாடிப் பக்கம் போனேன்.

மச்சான் இத்தனை வருசம் சொந்தமாக வாங்காமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. சி-21 என்ற சட்டமூலம் எயர்சொஃப்டையும் சேர்த்துத் தடை செய்யும் என்ற பயம். 2023 கடைசியில் அது நிறைவேறியபோது அந்தப் பிரிவு நீக்கப்பட்டிருந்தது.

கண்ணாடிக்குத்தான் நான் கூட நாள் செலவழித்தேன். நான் பார்வைக் கண்ணாடி போடுகிறவன். அதன் மேலே பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் இரண்டும் சேர்ந்து ஆவி படிந்து புகையும். அங்கிருந்து வரும்போது கொண்டுவந்த இரண்டு சோடியை எடுத்துக்கொண்டு காலமை ஆறு மணிக்கு டச்சுக்குடாக் கரையில் ஓடினேன். ஒற்றை வில்லை வைத்தது ஏழாவது நிமிசம் வெள்ளைச் சீலை கட்டிய மாதிரி ஆனது. நடுவில் காற்று அடைத்த இரட்டை வில்லை அரை மணித்தியாலம் தாங்கியது. கரைக்கு வந்து நின்ற புள்ளிமான் ஒன்று என்னை நெடுநேரம் பார்த்தது. கம்பி வலைக் கண்ணாடி புகையவே புகையாது, ஆனால் உடைந்த குண்டின் துண்டு வலைக்குள்ளால் வரலாம் என்பதால் அதை விட்டுவிட்டேன். கண்ணாடிச் சட்டகத்தில் இசற்87+ என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தரக் குறி பொறித்திராத எதையும் கண்ணுக்கு முன்னால் வைக்க நான் தயாரில்லை. மலிவு வேண்டுமென்றால் துவக்கில் பார்க்கலாம்.

துவக்கு விசயம் அதன்பிறகு சுருக்கமாகவே முடிந்தது. மச்சானுக்கு வாயுக் கைத்துப்பாக்கியில் ஆசை, சுட்டதும் பின்னால் உதைக்குமாம். திருகோணமலை வெயிலில் அது துள்ளும். ஒக்ரோபர் ரொறன்ரோக் குளிரில் வாயுவின் அமுக்கம் விழுந்து இருமும். ஸ்பிறிங் ரைபிளில் ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுக்க வேண்டும். மிச்சம் மின்சாரத் துவக்கு. பற்றரி மோட்டாரைச் சுழற்ற, பல்லுச் சில்லு பிஸ்ரனைப் பின்னால் இழுத்து விடும். 1991இல் ரோக்கியோ மருயி என்ற யப்பான் கொம்பனி இறக்கியதில் இருந்து அடிப்படை அதேதான். எம்4 என்ற அமெரிக்க இராணுவ ரைபிளின் வடிவம் எடுத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 'வேர்சன் 2' என்ற பல்லுச் சில்லுப் பெட்டி, உதிரிப்பாகம் எங்கேயும் கிடைக்கும். சைமா என்ற கொம்பனியின் எம்4 ஒன்றை, அங்கத்தைய சட்டத்துக்கேற்ப வேகம் கூட்டி விற்கிறதாகப் பார்த்துத் தெரிவு செய்தேன்.

பற்றரியில்தான் சண்டை. அவன் லிப்போ, அதாவது லிதியம் பொலிமர் பற்றரி, என்றான். ட்ரோன் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் லிப்போ எப்படி வீங்கும் என்று எனக்குத் தெரியும். விளையாடி முடித்ததும் ஒரு கலத்துக்கு 3.8 வோல்ற்றுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வருசத்துக்கு நாலு தரம் விளையாடுகிற, கைபேசிக்கே சார்ஜ் போட மறக்கிற மனுசனுக்கு அது சரிவராது.

"நிக்கல் பற்றரி எடு, மறந்தாலும் மன்னிக்கும்."

"நீ என்னை நம்பேல்லை என்ன?"

"இல்லை."

9.6 வோல்ற் நிக்கல் வாங்கினான். நல்ல குண்டு இரண்டு பை, இரட்டை வில்லைக் கண்ணாடி இரண்டு, முகத்தின் கீழ்ப்பாதிக்கு ஒரு மறைப்பு. கணக்குப் பார்த்தால் இவையும் துவக்கும் ஏறக்குறையச் சமவிலை.

போன சனி பின்னேரம் பெட்டி வந்துவிட்டதென்று காணொளி அழைப்பு எடுத்தான். கடையில் அளந்த சீட்டைக் காட்டினான்: 384 அடி. நான் இங்கே கதிரையில், அம்மா எனக்குப் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. அவன் உற்சாகத்தில் துவக்கைத் தூக்கிக் கமராவுக்கு நேரே பிடித்து, "மாமி, எப்பிடி இருக்கு?" என்றான். அம்மா கீரைச் சுளகோடு எழும்பிச் சுவர்ப்பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டு சொன்னா: "முதல்ல அதை அங்கால திருப்பிப் பிடி."