வார்ட்டுக்குப் போகுமுன்: தாதியர் பயிற்சிக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கான மட்டக்களப்பு நாட்குறிப்பு

ஜனவரி 4

வர்த்தமானியில் அறிவித்தல் வந்த பிறகு ஓடித்திரிந்தால் நாள் போதாது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள் நான்கையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தகப்பன் பெயர் ஒன்றில் முழுதாகவும் மற்றதில் முதலெழுத்தாகவும் இருக்கும், அல்லது ஆங்கில எழுத்தில் ஒன்று கூடியிருக்கும். 2004 சுனாமியில் பத்திரம் இழந்து பிரதி எடுத்த வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழிலோ அடையாள அட்டையிலோ திருத்த வேண்டியிருந்தால் இன்றே பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

அதே நாளில் தடுப்பூசிக் கொப்பியையும் தேடுங்கள். ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசி போட்டதற்குப் பதிவில்லை என்றால் முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. அரை வருடம் போய்விடும். மூன்றாவது ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதத்தில் இரத்தம் சோதித்தால், எதிர்ப்புச் சக்தி லீற்றருக்கு 10 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வார்ட்டில் தவறி ஊசி குத்துப்படும் வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஜனவரி 7

முதலில் வாங்க வேண்டியது வினாடி முள் உள்ள மணிக்கூடு. சட்டையில் குத்தும் வகைதான் நல்லது, மணிக்கட்டில் எதுவும் இருந்தால் கை சரியாகக் கழுவ முடியாது. சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் கை கழுவலுக்கு 40 முதல் 60 வினாடி வேண்டும். பெருவிரலும் நகநுனியும்தான் தவறிப்போகும் இடங்கள்.

நாடியை இரண்டு விரலால் பிடியுங்கள். பெருவிரலில் உங்கள் நாடியே துடிக்கும், அதையே எண்ணிவிடுவீர்கள். பழகும் காலத்தில் முழு நிமிடமும் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்புத் தவறியது நான்காகிவிடும். எண்ணி முடிந்ததும் கையை விடாமல், நாடி பார்ப்பது போலவே இருந்து மூச்சை எண்ணுங்கள். "மூச்சு எண்ணப் போறன்" என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையான குழந்தைக்கு 50ஐத் தொட்டாலே வேகமான மூச்சுத்தான்.

ஜனவரி 11

இன்று முழுக்கப் பிரஷர். பழைய கை மெஷின் ஒன்றிலேயே பழக வேண்டும். டிஜிட்டல் மெஷின் காதைப் பழக்காது.

கல்லடிப் பாலத்தால் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவரை உடனே அளக்க வேண்டாம். முதுகு சாய, கால் நிலத்தில் பட, கதிரையில் 5 நிமிடம் இருக்கவிடுங்கள். கை நெஞ்சு மட்டத்தில் தாங்கியிருக்க வேண்டும். தொங்கினால் அளவு கூடிக் காட்டும், கையில் சுற்றும் பட்டி சின்னதாக இருந்தாலும் கூடத்தான் காட்டும். உள்ளே இருக்கும் காற்றுப் பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும். பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2, 3 சென்ரிமீற்றர் மேலே.

ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைக்குமுன் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றடியுங்கள். நாடி மறையும் இடத்தைப் பார்த்து, இறக்கிவிட்டு, பிறகு அதற்கு 30 மேலே ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் நேரே 140க்கு ஏற்றுபவர்கள்தான் அதிகம். இறக்கும்போது சத்தம் முதலில் கேட்கும் இடம்தான் மேல் அளவு. சிலருக்கு அதற்குக் கீழே கொஞ்சத் தூரம் சத்தம் அடங்கி மறுபடி கேட்கும். அந்த அடங்கிய இடத்தில் தொடங்கினால் 180 இருப்பவரை 140 என்று எழுதிவிடுவீர்கள். இறக்கும்போது வினாடிக்கு 2, 3 மில்லிமீற்றர் மட்டும்.

கை மெஷினின் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். 117/83 என்று எழுதிய கொப்பியைப் பார்த்ததும் அனுபவமுள்ள மிஸ்ஸி நிமிர்ந்து பார்ப்பார், ஒற்றை எண் அந்த மெஷினில் கிடையாது. எல்லாரும் 120/80 ஆக இருக்கும் பக்கமும் அப்படித்தான்.

ஜனவரி 12

பூச்சியத்தில் முடித்து எழுதும் பழக்கம் ஏன் பொல்லாதது என்பதற்கு டெங்குவைப் பாருங்கள். மாரி மழையை ஒட்டிய இந்த மாதங்களில் நம் பக்கத்து வார்ட்டுகளுக்கு அது புதிதல்ல. காய்ச்சல் விடும் நேரத்தில் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவு என்றால் அது அதிர்ச்சி நிலை, உடனே டொக்டரிடம் ஓட வேண்டியது. உண்மையான அளவு 104/86, இடைவெளி 18. கை பழகாதவர் அதை 110/80 என்று எழுதினால் இடைவெளி 30 ஆகி, ஆபத்தே தாளில் இராது. எழுதியவர் பொய் சொல்ல நினைக்கவில்லை, எண்ணை அழகாக்கினார், அவ்வளவுதான். பயிற்சிக்கு முந்திய இந்த மாதங்களில் ஒன்றை மட்டும்தான் பழக முடியும் என்றால், கண்டதைக் கண்டபடி எழுதுவதைப் பழகுங்கள்.

ஜனவரி 17

கணக்கு. உயிரியலில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளும் சறுக்கும் இடம்.

500 மில்லிலீற்றர் சேலைன் 6 மணித்தியாலத்தில் போக வேண்டும். சேலைன் ஏற்றும் குழாய்ச் செற்றில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி. 500ஐ 20ஆல் பெருக்கி, 360 நிமிடத்தால் வகுத்தால் 27.8, அதாவது நிமிடத்துக்கு 28 துளி, 15 வினாடிக்கு 7. மணித்தியாலத்தை நிமிடமாக்க மறப்பது ஒரு பிழை. அதைவிட மோசமானது செற்றின் உறையைப் பார்க்காமல் விடுவது. 15 துளிச் செற்றில் அதே 28ஐ விட்டால் நாலரை மணித்தியாலத்தில் போத்தல் காலி. இருதய வருத்தக்காரருக்கு அது மூச்சு முட்டும் காரியம்.

பாணி மருந்து: 12 கிலோ பிள்ளைக்குப் பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 என்று இருந்தால் 7.5 மில்லிலீற்றர். 5 மில்லிலீற்றருக்கு 250 உள்ள போத்தலை எடுத்து அதே 7.5 கொடுத்தால் 375 போய்விடும், இரு மடங்குக்கும் மேல். லேபலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

அரையை 0.5 என்று எழுதுங்கள், வெறும் .5 வேண்டாம். ஐந்தை 5.0 என்று எழுத வேண்டாம். புள்ளி மங்கினால் ஒன்று 5 ஆகும், மற்றது 50 ஆகும்.

ஜனவரி 20

சொற்கள். பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், வருத்தக்காரர் ஆங்கிலத்தில் சொல்லமாட்டார். சத்தி, வயித்தால போகுது, முட்டு, கிறுதி, சீனி வருத்தம், சலக்கடுப்பு: ஒவ்வொன்றுக்கும் நேரான ஆங்கிலச் சொல்லைக் கொப்பியில் எழுதுங்கள். கிறுதி என்றால் தலை சுற்றுவதா, கண் இருட்டி விழப் பார்ப்பதா என்று மறுபடி கேட்க வேண்டும், இரண்டும் வேறு. அம்பாறை நகரத்து வார்ட் கிடைத்தால் சிங்களம்தான் கூடுதலாகக் கேட்கும். "கொஹேத ரிதென்னே" (எங்கே நோகுது), "ஹுஸ்ம கன்ன அமாருத" (மூச்செடுக்கக் கஷ்டமா) என்ற அளவிலாவது தொடங்கலாம்.

ஜனவரி 23

உள்ளே போனது, வெளியே வந்தது எழுதும் தாள். வீட்டிலேயே பழகலாம். தேத்தண்ணிக் கோப்பை, தம்ளர், சூப் கிண்ணம் எல்லாவற்றையும் தண்ணீரால் நிரப்பி அளவுச் சாடியில் ஊற்றிப் பாருங்கள். "ஒரு கோப்பை" என்பது 120 ஆகவும் இருக்கும், 200 ஆகவும் இருக்கும். பிறகு வீட்டில் ஒருவர் ஒரு நாள் குடித்ததையும் சலம் போனதையும் நேரத்தோடு குறியுங்கள். பின்னேரம் நினைத்து எழுதினால் கட்டாயம் இரண்டு தேத்தண்ணி காணாமல் போகும். 50 கிலோ ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 25 மில்லிலீற்றருக்குக் குறைந்து சலம் போனால் சொல்ல வேண்டும். குழந்தை என்றால் காய்ந்த நப்கினையும் நனைந்த நப்கினையும் நிறுங்கள், ஒரு கிராமை ஒரு மில்லிலீற்றராக எடுங்கள். இளநீரை அப்படியே வாயில் வைத்துக் குடிக்க விடவேண்டாம், முதலில் சாடியில் ஊற்றுங்கள்.