ஆப்பக்கடை நாட்குறிப்பு: ஈஸ்ட் சமாச்சாரம்

2025 மார்ச் 9, ஞாயிறு
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளா

மெல்போர்னிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். வீட்டிலேயே பீர் காய்ச்சுவதுதான் இப்போது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆஸ்திரேலியாவில் 1970-களிலிருந்தே அதற்குத் தடையில்லை. இங்கே உரிமம் இல்லாமல் காய்ச்சினால் எக்சைஸ்காரர் வாசலில் நிற்பார். எனக்கு அந்த ஆசையும் இல்லை.

"மாமா, இந்தத் தடவை கோதுமை பீர். ட்ரை ஈஸ்ட் வாங்கட்டுமா, லிக்விட் வாங்கட்டுமா? தினமும் மாவு புளிக்க வைக்கிற ஆளு, நீங்க சொல்லுங்க" என்றான். பாதி கிண்டல்தான். ஆனாலும் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஆப்பமாவுக்கு நல்ல கள் கிடைத்தது. காலையில் இறக்கியது. பாத்திரத்தில் ஊற்றினால் பால் நிறத்தில் சீறிக்கொண்டு நுரைக்கிறது, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஏறி உடைகின்றன. இதில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பாளையைத் தட்டிச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டால், வடிகிற சாறு மரத்தின் மேலேயே புளிக்கத் தொடங்கிவிடும். கலயத்தில் ஒட்டியிருக்கும் பழைய கசண்டும், காற்றும், பூச்சிகளும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள்.

கடை ஈஸ்ட் பொட்டலத்தில் இருப்பது ஒரே ஒரு வகை. கள்ளில் பலவகை ஈஸ்ட்டுகளோடு, பாலைத் தயிராக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் கூட்டமாக இருக்கும். ஆப்பத்தின் லேசான புளிப்பும் மணமும் அந்தக் கூட்டம் செய்கிற வேலை. கள் கிடைக்காத நாளில் உலர் ஈஸ்ட் போட்டால் மாவு தாராளமாகப் பொங்கும், ஓரமும் முறுகும், ஆனால் வாசனை இருக்காது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கோபாலபுரம் வழியாக வருகிறவர்களை ஏமாற்றவே முடியாது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதாலோ என்னவோ, அவர்களுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. ஆப்பத்தைப் பிய்க்கும்போதே, "இன்னைக்குக் கள்ளு ஊத்தலீங்களா?" என்பார்கள்.

மார்ச் 14, வெள்ளி

ராத்திரி கடை சாத்திவிட்டு அக்கா மகனோடு நீளமாகப் பேசினேன். பீர் ஈஸ்ட் விவரமெல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தது, தீர்ப்பு மட்டும் என்னுடையது.

லிக்விட் பாக்கெட்டில் நிரப்பும்போது சுமார் 10,000 கோடி செல்கள் இருக்குமாம். அன்றிலிருந்தே குறையத் தொடங்கிவிடும். குளிரில் வைத்தால் மெதுவாகச் சாகும், வழியில் சூடு பட்டால் மளமளவென்று சாகும். அதனால் தேதி பழசென்றால் முதலில் ஸ்டார்ட்டர் போட வேண்டும்: ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் பொடி (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுப்பது) கலந்து கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட்டை ஊற்றி அவ்வப்போது குலுக்க வேண்டும். கூட்டம் பெருகும்.

உலர் ஈஸ்ட்டுக்கு இந்தச் சீராட்டல் எதுவும் வேண்டாம். 11.5 கிராம் பொட்டலம் ஒன்றே 20 லிட்டர் சாதாரண பீருக்குப் போதும். ஆலையில் நிறையக் காற்றூட்டி வளர்ப்பதால் பெருகுவதற்கு வேண்டிய கொழுப்புச் சத்து செல்லுக்குள் ஏற்கெனவே சேமிப்பாக இருக்கும். எனவே மால்ட் சாற்றைப் போட்டுக் குலுக்கிக் காற்றேற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. ஸ்டார்ட்டர் போட்டால் அந்தச் சேமிப்புதான் வீணாகும்.

அப்புறம் ஏன் உலர் ஈஸ்ட் என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள்? ஒரு காலத்தில் பீர் கிட் டப்பாவின் (வீட்டில் காய்ச்சுவதற்கான மால்ட் பாகு டப்பா) மூடிக்கு அடியில் எந்தக் காலத்துப் பொட்டலமோ ஒட்டிக்கொண்டு வரும், அதில் வேண்டாத பாக்டீரியாவும் கலந்திருக்கும். அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. இன்றைய உலர் ஈஸ்ட் அப்படியல்ல.

பாலக்காட்டு மார்ச் வெயிலில் கூரியரில் வருகிற லிக்விட் ஈஸ்ட்டை நான் நம்ப மாட்டேன். மெல்போர்னில் பக்கத்துக் கடை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வருகிறவனுக்கு அந்தப் பயம் இல்லை. கோதுமை பீருக்கு வேண்டியது வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும். இரண்டையும் தருவது ஈஸ்ட்தான். லிக்விடில் இதற்கென்றே ஜெர்மனியின் பவேரியா வகைகள் இருக்கின்றன. உலர் வகையில் அந்த வாழைப்பழம் மங்கல் என்று பலரும் சொல்கிறார்களாம். சரி, லிக்விடே வாங்கிக்கொள், தேதியை மட்டும் பார்த்து வாங்கு என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்றே ஸ்டார்ட்டர் போட்டு இன்று காய்ச்சிவிட்டான். வீடியோவில் பக்கெட்டைக் காட்டினான், பார்க்க ஒன்றும் இல்லை. மூடியின் மேல் ஏர்லாக், அதாவது உள்ளே உண்டாகும் வாயுவைக் குமிழ் குமிழாக வெளியே விடும் சின்னக் குழாய், சும்மா இருந்தது. நம் மாவும் அரைத்த உடனே பொங்கிவிடுகிறதா என்ன!

மார்ச் 21, வெள்ளி

இங்கே புழுக்கம் தாங்கவில்லை. மாவு நேரத்துக்கு முன்பே புளித்துவிடுகிறது, அரைக்கிற நேரத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். இதைச் சொன்னதும் அவன் ஒரு சங்கதி சொன்னான். ஏல் என்பது பீரில் ஒரு பெரிய வகை, அதற்கான பெரும்பாலான ஈஸ்ட்டுகளுக்கு 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி பிடிக்கும். நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் பரம்பரையாக வைத்திருக்கும் க்வெய்க் என்ற ஈஸ்ட் மட்டும் 35, 40 டிகிரியிலும் கலங்காதாம். பீர் புளித்து முடியும்போது வளையம் வளையமாகச் செதுக்கிய மரத்தை அதில் முக்கி எடுத்து, அப்படியே காயவைத்துத் தொங்கவிடுவார்களாம். அடுத்த முறை காய்ச்சும்போது அந்த மரத்தையே மால்ட் சாற்றில் போடுவது. உலர் ஈஸ்ட் ஆலைக்காரன் கண்டுபிடிப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது க்வெய்க்கும் பொட்டலத்திலேயே வருகிறதாம். குளிர் தேசத்தில் பிறந்த ஈஸ்ட்டுக்கு எங்கள் சித்தூர் தாலுகா வெயில் பிடிக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை விஷு, சித்திரை ஒன்றும் நாளைதான். மாவு இரண்டு மடங்கு போட்டிருக்கிறேன், கள்ளுக்கும் சொல்லியாகிவிட்டது. வேலைக்கு நடுவில் அவன் போன். பாட்டில் திறந்தானாம். "மாமா, மூடியைத் திறந்ததும் நேந்திரம்பழக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. கிராம்பு கொஞ்சம் கம்மி." கிராம்பு கம்மி என்றால் அடுத்த முறை ஓரிரண்டு டிகிரி குளிர்ச்சியாகப் புளிக்க வை என்றேன். சூடு ஏறினால் வாழைப்பழம்தான் முந்தும்.

பக்கெட்டின் அடியில் படிந்த ஈஸ்ட்டை ஜாடியில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறான், அடுத்த கோதுமை பீருக்காக. விலை கொடுத்து வாங்கிய லிக்விடை ஒரே தடவையில் கொட்டுவானேன். ஆனால் அதற்கு முன் பேல் ஏல் போடப் போகிறான். அதற்கு ஈஸ்ட் வாசனை அதிகம் வேண்டாம், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூதான் முன்னால் நிற்க வேண்டும். உலர் பொட்டலத்தைக் கிழித்துத் தூவிவிட்டு மூடு என்றேன். அதை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறான், கள்ளப்பயல்.